ஒரு மார்க் கேள்விக்குப் பின்னால்

கடலூரில் 'கெமிஸ்ட்' என்றால் இரண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஒருவர், மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ மருந்துக் கடை வைத்திருப்பவர். இன்னொருவர், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, ஓ.டி. என்கிற பழைய கடலூரைத் தாண்டித் தெற்கே இருக்கும் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பையன். ராத்திரி அந்தப் பக்கமிருந்து காற்றடித்தால் ஜன்னலைச் சாத்துகிற ஊர் இது. 'கெமிக்கல்' என்ற சொல்லுக்கு இங்கே அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. நம் உடம்புக்குள் ஓயாமல் நடக்கிறதும் கெமிஸ்ட்ரிதான், அதை ஆராய்கிறவரும் கெமிஸ்ட்தான் என்று சொன்னால், "அது பயாலஜி ஆச்சே" என்பார்கள்.

ஆனால் பெயரைச் சொன்னால் போதும், குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள்: வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2009, வேதியியல் நோபல், சிதம்பரம். ஒரு மார்க். அதோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

நான் மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் ட்யூஷன் எடுக்கிறேன். ஒருநாள், "எதுக்காகக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன். "ரைபோசோம் சார்" என்று நாலைந்து குரல். "ரைபோசோம்ல என்ன பண்ணார்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அதைக் கண்டுபிடிச்சார் சார்" என்றாள்.

கண்டுபிடித்தவர் அவர் இல்லை. 1950களின் நடுவில் ஜார்ஜ் பலாடே என்பவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செல்லுக்குள் அந்தப் பொடிப்பொடியான துகள்களைப் பார்த்துச் சொன்னபோது, வெங்கிக்கு (வெங்கட்ராமனை உலகம் கூப்பிடுவது அப்படித்தான்) மூன்று வயது இருக்கும். அவர் வேதியியல் பட்டதாரியும் இல்லை. சிதம்பரத்தில் படித்தவரும் இல்லை. மனப்பாடமாகச் சொல்லும் அந்தப் பதிலை இப்படித் தட்டிப் பார்த்தால் வருஷமும் பிறந்த ஊரும்தான் மிஞ்சுகின்றன. இந்தக் கட்டுரை மீதியைப் பற்றியது.

முதலில் ரைபோசோம். சிதம்பரம் கீழவீதியில், கோபுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாக்களைக் கவனித்திருப்பீர்கள். இடது கை விரலிடுக்கில் வாழைநார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் பூவில் இருக்காது. விலை கேட்கிறவரிடம் பேசிக்கொண்டே, விரலால் தடவி மொட்டா மலர்ந்ததா என்று தெரிந்துகொண்டு, வாடியதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கோத்துவிடுவார்.

ரைபோசோம் செய்வது கிட்டத்தட்ட இதுதான். கையில் ஒரு சீட்டு. அது தூது ஆர்.என்.ஏ. டி.என்.ஏ. என்னும் பெரிய பேரேட்டிலிருந்து வேண்டிய ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தது. அதில் மூன்று மூன்று எழுத்தாக வரிசை எழுதியிருக்கும். எதிரே கூடையில் 20 வகைப் பூ. அவை அமினோ அமிலங்கள். ஒவ்வொரு பூவையும் ஒரு சின்னப் பையன் தூக்கிக்கொண்டு வருகிறான். அவன் கடத்து ஆர்.என்.ஏ. அவன் சட்டையிலும் மூன்றெழுத்து உண்டு. சீட்டில் உள்ள மூன்றெழுத்துக்கு அது பொருந்தினால் பூவை வாங்கிச் சரத்தில் முடிச்சுப் போடும். பொருந்தாவிட்டால் போய்வா. பாக்டீரியாவில் நொடிக்கு 20 பூ வரைகூடக் கட்டும். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிக்கு 146 அமினோ அமிலம். அதில் ஆறாவது இடத்தில் ஒரு பூ மாறிப்போனால் அரிவாள் செல் ரத்தசோகை. அங்கே பிழை சீட்டிலேயே இருக்கிறது, கட்டுகிறவர் மேல் குற்றமில்லை. ஆனால் ஒரே ஒரு பூ எவ்வளவு முக்கியம் என்பது அதிலிருந்து தெரியும்.

உவமை ஓரிடத்தில் உதைக்கும். பூச்சரம் சரமாகவே கிடக்கும். புரதச் சங்கிலி தானாகவே மடங்கிச் சுருண்டு ஓர் உருவம் எடுக்கும், அந்த உருவத்தை வைத்துத்தான் வேலை செய்யும். இன்னொன்று, ரைபோசோம் ஓர் ஆள் இல்லை, இரண்டு ஆள். பாக்டீரியாவில் சின்னத் துண்டுக்கு 30எஸ் என்று பெயர், பெரியதற்கு 50எஸ். சின்னது சீட்டைப் படிக்கிறது, பெரியது முடிச்சுப் போடுகிறது. இரண்டும் சேர்ந்தால் 20 முதல் 25 நானோமீட்டர் அகலம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 40,000 ரைபோசோமை வரிசையாக நிறுத்தலாம்.

அந்தச் சின்னத் துண்டுக்குள் எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்ததுதான் வெங்கியின் வேலை. அணு அளவில் ஒரு வரைபடம். அணுக்களின் இருப்பிடமும் பிணைப்பும் வேதியியலின் சொத்து என்பதால் பரிசு அந்தக் கணக்கில் போனது. வாங்கியவர் படித்ததோ இயற்பியல்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருவோம்.

அவர் பிறந்த 1952ல் கடலூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம்தான். 1993ல்தான் விழுப்புரம் தனியாகவும் கடலூர் தனியாகவும் பிரிந்தன. பிறந்தபோது அப்பா ராமகிருஷ்ணன் ஊரில் இல்லை. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில், டேவிட் கிரீன் என்ற பெரிய நொதியியல் அறிஞரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மகனை முதலில் பார்த்ததே அவன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதுதான். அம்மா ராஜலட்சுமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது பாட்டியும் அத்தைகளும். மூன்று வயதில் குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. அங்கே மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவராக அப்பாவுக்கு வேலை. சிதம்பரத்தின் பங்கு அவ்வளவுதான், மூன்று வருஷம்.

பெயரிலும் ஒரு வேடிக்கை. நம் வழக்கப்படி அவர் ரா. வெங்கட்ராமன். அப்பா பெயர் இனிஷியலோடு நிற்க வேண்டியது. கடல் தாண்டியதும் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, சொந்தப் பெயர் 'வெங்கி' என்று சுருங்கிவிட்டது. உலகம் முழுக்க 'டாக்டர் ராமகிருஷ்ணன்' என்று கூப்பிடும்போது, நியாயமாகத் திரும்பிப் பார்க்க வேண்டியவர் அவருடைய அப்பா.

2009 அக்டோபரில் பரிசு அறிவித்த சில நாட்களிலேயே உரசல் வந்தது. இந்தியாவிலிருந்து கடிதங்கள் மின்னஞ்சல் பெட்டியை அடைத்துக்கொண்டதில் அவர் சலித்துப்போனார். பல வருஷமாகத் தொடர்பே இல்லாதவர்கள் திடீரென்று நெருங்கி வருவது விசித்திரமாக இருக்கிறது என்றார். சிதம்பரத்தில் தம்மிடம் படித்தவர் என்று ஒருவர் சொன்னதாகச் செய்தி வர, தாம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்ததே இல்லை, மூன்று வயதிலேயே ஊரை விட்டுப் போய்விட்டேன் என்று மறுத்தார். ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்பது பிறப்பின் தற்செயல் என்றும் சொன்னார். இங்கே சிலருக்கு அது சுருக்கென்று தைத்தது. "பெரிய ஆளானதும் மண்ணை மறந்துட்டார்" என்று டீக்கடையில் பேசியது எனக்கு ஞாபகமிருக்கிறது. கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். மூன்று வயது வரை மடியில் வைத்திருந்ததற்குப் பாட்டியும் அத்தையும் பெருமைப்படலாம். ஊர் எதற்கு?

என்னைக் கேட்டால், சிதம்பரம் உரிமை கொண்டாட வேண்டிய ஆள் அந்த அம்மாதான். 1950களின் தொடக்கத்தில், கைக்குழந்தையோடு, கணவர் கடல் கடந்து இருக்க, பல்கலைக்கழக வகுப்பில் நின்று பாடம் நடத்திய பெண் அவர். பிறகு குழந்தையை வீட்டாரிடம் விட்டுவிட்டுக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து பரோடாவில் கணவரோடு சேர்ந்து சத்துணவு ஆராய்ச்சியில் இறங்கினார். ஏழை வீட்டுக் குழந்தைக்கு, கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கும் தானியத்தையும் பருப்பையும் வைத்தே போதுமான புரதம் கொடுப்பது எப்படி என்பது அவர் கேள்வி. அம்மா புரதத்தைத் தட்டில் தேடினார். மகன் அது தயாராகும் பட்டறைக்குள் போய்விட்டார். மகள் லலிதா காசநோய் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், அவரும் கேம்பிரிட்ஜில்தான். நம் ஊர்த் தேர்வுத் தாளில் அந்த அம்மாவைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதில்லை.

பையனின் படிப்பு நேர்கோட்டில் போகவில்லை. ஐ.ஐ.டி. கிடைக்கவில்லை. வேலூர் சி.எம்.சி.யும் கிடைக்கவில்லை. பரோடாவிலேயே மருத்துவ சீட் கிடைத்தது, அப்பாவுக்கும் அதில்தான் ஆசை. தேசிய அறிவியல் திறனறி உதவித்தொகை கிடைத்தால் இஷ்டப்பட்டதைப் படிக்கலாம் என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம். அது கிடைத்துவிட்டது. மருத்துவ சீட்டைக் கொடுத்துவிட்டு பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தார். மெடிக்கல் சீட்டை யாராவது விடுவார்களா என்று இன்றைக்கும் கேட்கத் தோன்றும். நீட் கவுன்சிலிங் நேரத்தில் எங்கள் தெருவில் இந்தக் கதையைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

1971ல் பட்டம். அடுத்து அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகம். 1976ல் இயற்பியலில் முனைவர், 24 வயது. இங்கேதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். தன் ஆய்வில் தனக்கே ருசி இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்படியே போனால் சின்னச் சின்னக் கணக்குப் போட்டே காலம் போய்விடும் என்று பட்டது. அதே நேரம், அறிவியல் பத்திரிகையைப் புரட்டினால் உயிரியலில் மாதம் ஒரு அதிசயம். என்ன செய்தார்? டாக்டர் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, சான் டியகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவராக மறுபடி முதல் வருஷத்திலிருந்து சேர்ந்தார். இரண்டு வருஷம். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மரபியலும் உயிர்வேதியியலும் பாடம் கேட்டார். இரண்டாவது டாக்டர் பட்டம் வாங்கவும் காத்திருக்கவில்லை. அடிப்படை புரிந்தது, போதும் என்று 1978ல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் போய்ச் சேர்ந்தார். ரைபோசோம் அங்கேதான் அவர் கைக்கு வந்தது.

மூரின் முறை நியூட்ரான் சிதறல். 30எஸ் துண்டில் 21 புரதங்கள் இருக்கின்றன. அதில் இரண்டை மட்டும் எடுத்து, சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜன் ஏற்றி, மறுபடி ரைபோசோமுக்குள் சேர்த்து, மேலே நியூட்ரான்களைப் பாய்ச்சினால் அந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரியும். அப்புறம் வேறு இரண்டு. அப்புறம் வேறு இரண்டு. கடலூர்–சிதம்பரம் இத்தனை கிலோமீட்டர், சிதம்பரம்–விருத்தாசலம் இத்தனை, விருத்தாசலம்–கடலூர் இத்தனை என்று பஸ் தூரங்களை மட்டும் வைத்துக்கொண்டு மாவட்ட வரைபடம் போடுவது மாதிரி. பொறுமை இருந்தால் போட்டுவிடலாம். 1987ல் 21 புரதங்களும் எங்கெங்கே என்ற படம் முழுமையாக வெளிவந்தது. ஆனால் ஊர் இருக்கும் இடம்தான் தெரிந்தது. ஊருக்குள் தெரு எப்படிப் போகிறது, எந்த வீட்டில் யார் என்பது இந்த முறையில் தெரியவே தெரியாது.

இதற்கு நடுவில் வேலை தேடி அமெரிக்கக் கல்லூரிகள் சுமார் 50க்கு விண்ணப்பம் போட்டார். ஒன்றும் கைகூடவில்லை. இயற்பியல்காரர்களுக்கு அவர் ஓடிப்போனவர், உயிரியல்காரர்களுக்குப் புதுசாக வந்தவர். கையில் இருப்பதோ அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு முறை. 1982ல் ஓக் ரிட்ஜ் ஆய்வகம், அடுத்த வருஷமே புரூக்ஹேவன், அங்கே 12 வருஷம். நியூட்ரானால் இதற்கு மேல் போக முடியாது என்று தெரிந்ததும் மறுபடியும் ஒரு புதுத் தொழிலைக் கற்றுக்கொண்டார், எக்ஸ் கதிர்ப் படிகவியல். 1991ல் ஒரு வருஷ விடுப்பில் கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்குப் போனதும் அதற்காகத்தான். 1995ல் யூட்டா பல்கலைக்கழகம், 1999ல் கேம்பிரிட்ஜுக்கே நிரந்தரமாக. சம்பளம் குறைந்தது, தெரிந்தேதான் போனார். அமெரிக்காவில் சில வருஷத்துக்கு ஒரு முறை 'இதுவரை என்ன கண்டுபிடித்தாய்' என்று கேட்டுத்தான் பணம் தருவார்கள். வருஷக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமல் போகக்கூடிய வேலைக்கு அந்த ஏற்பாடு சரிவராது.

ஏன் வருஷக்கணக்கு? அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது, எந்த ஒளி நுண்ணோக்கி வைத்தாலும். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் சில ஆயிரம் ஆங்ஸ்ட்ராம். அணுக்களுக்கு நடுவே உள்ள தூரமோ ஒன்றிரண்டு ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும். எக்ஸ் கதிர் அந்த அளவுக்குப் பொடி. ஆனால் ஒற்றை மூலக்கூறின் மேல் பட்டுச் சிதறும் கதிரை அளக்க முடியாது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே மாதிரி, ஒரே திசை பார்த்து, அணிவகுத்து நிற்க வேண்டும். அதுதான் படிகம். நடராஜர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் ஓரமாக நின்று பார்த்தால் சில திசைகளில் தூண்கள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து நேர் சந்தாகத் தெரியும், அடி மாறினால் கலைந்துவிடும். படிகமும் அப்படித்தான், குறிப்பிட்ட திசைகளில் மட்டும் கதிரைப் பளிச்சென்று எறியும். பதிவாவது புள்ளிகள், ஆயிரக்கணக்கில்.

உப்பும் சர்க்கரையும் படிகமாவது பெரிதில்லை. இரண்டரை லட்சம் அணுக்கள் வரை இருக்கும், கொழகொழத்த, ஒன்றுபோல் நிற்காத ஒரு பூதத்தைப் படிகமாக்குவதா என்றுதான் ஆரம்பத்தில் பெரும்பாலானவர்கள் கேட்டார்கள். முடியும் என்று முதலில் காட்டியது வெங்கி இல்லை. இஸ்ரேலின் அடா யோனத். 1980 வாக்கில் தொடங்கி, கேலியைச் சகித்துக்கொண்டு, சூட்டைத் தாங்கும் கிருமிகள், சாக்கடலில் வாழும் நுண்ணுயிரிகள் என்று தேடித் தேடி அவற்றின் ரைபோசோம்களைப் படிகமாக்கினார். கதிர் பட்டதும் படிகம் சிதைந்துபோகிற தொல்லைக்கு, திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைப்பது என்ற வழியையும் முன்னெடுத்தார். இந்தத் துறைக்குப் பாதை போட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர்தான். நம் ஆள் பிந்தி வந்தவர், வேகமாக ஓடியவர். இதைச் சொல்வதால் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

30எஸ்ஸுக்குக் கைகொடுத்தது தெர்மஸ் தெர்மோபிலஸ் என்ற பாக்டீரியா. வெந்நீர் ஊற்றில் வாழ்வது. அந்தச் சூட்டில் பிழைக்க வேண்டுமென்றால் அதன் மூலக்கூறுகள் கெட்டியாக இருந்தாக வேண்டும், அதனால் படிகமாவதும் எளிது. அடுத்த சிக்கல், அலையின் 'கட்டம்' (ஃபேஸ்). வெள்ளிக் கடற்கரையில் நின்று அலையின் உயரத்தை அளந்துவிடலாம். எந்த அலை எந்த நேரம் கிளம்பியது என்று தெரியாவிட்டால் கடலுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் உயரத்தை மட்டும் தரும், நேரத்தைத் தராது. அதற்கு ஒரு பழைய உத்தி உண்டு: ஆஸ்மியம் போன்ற கனமான அணுக்களைப் படிகத்துக்குள் அங்கங்கே ஒட்டவைப்பது. அவை கதிரை வேறு மாதிரி சிதறடிக்கும், அந்த வித்தியாசத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடலாம். வெங்கியின் ஆட்கள் இந்தக் கணக்கில்தான் தேறினார்கள். உறைந்த படிகங்களைத் தூக்கிக்கொண்டு அட்லாண்டிக் கடந்து, சிகாகோ பக்கத்து ஆர்கான் ஆய்வகத்தில், வலுவான எக்ஸ் கதிர் தரும் சிங்க்ரோட்ரான் இயந்திரத்தில் ராத்திரி பகலாக அளந்தார்கள்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எல்லாம் ஒன்றாக வெடித்தது. யேலின் தாமஸ் ஸ்டைட்ஸும் பீட்டர் மூரும் 50எஸ் படத்தை வெளியிட்டார்கள். வெங்கி குழு 30எஸ்ஸை 3 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் போட்டது. யோனத் குழுவின் 30எஸ் படமும் அதே சமயம். பெரிய துண்டு குருவுக்கு, சின்னத் துண்டு சிஷ்யனுக்கு என்று பாகம் பிரித்ததுபோல ஆயிற்று.

படம் வந்ததும் இரண்டு விஷயம் தெளிவானது. முடிச்சுப் போடும் இடத்தில் புரதமே இல்லை, முழுக்க ஆர்.என்.ஏ.; இது ஸ்டைட்ஸ் தரப்பின் கண்டுபிடிப்பு. புரதத்தை உண்டாக்கும் இயந்திரத்தின் மையமே புரதமில்லாதது என்பது உயிர் எப்படித் தொடங்கியிருக்கும் என்று யோசிக்கிறவர்களுக்குப் பெரிய துப்பு. இன்னொன்று வெங்கியுடையது: சீட்டில் உள்ள மூன்றெழுத்தும் பையனின் மூன்றெழுத்தும் சரியாகப் பொருந்தினதா என்று ரைபோசோம் எப்படிச் சரிபார்க்கிறது? சின்னத் துண்டில் இருக்கும் 16எஸ் என்ற ஆர்.என்.ஏ.வில் 1492, 1493 என்ற எண்ணுள்ள இரண்டு அடினின் எழுத்துகள் மடங்கிக் கிடக்கின்றன. ஜோடி சேர்ந்ததும் அவை வெளியே புரண்டு வந்து, 530ஆம் எண்ணுள்ள குவானின் எழுத்தோடு சேர்ந்து, ஜோடியின் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. வடிவம் ஒத்துவந்தால் சரி. எழுத்தைப் படிப்பதில்லை, தடவிப் பார்க்கிறது. பூக்கட்டும் அம்மாவின் விரலைப் போல என்று நான் சொன்னது வெறும் அலங்காரத்துக்கு இல்லை.

இதனால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு என் பெரியப்பா கதை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் நஞ்சை. 2015 நவம்பர் வெள்ளம் வடிந்த பிறகு வரப்பு வெட்ட சேற்றில் இறங்கினார். நாலைந்து நாளில் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்கமுடியாத வலி, கண் செக்கச்செவேல். எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாக வரும் கிருமி அது. டாக்டர் எழுதிக்கொடுத்ததில் முக்கியமானது டாக்ஸிசைக்ளின். மருந்துக் கடைக் கெமிஸ்ட் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தபோது பெரியப்பா கேட்டார்: "இது கிருமியை மட்டும் எப்பிடிடா கண்டுபிடிச்சுக் கொல்லுது? வயித்துக்குள்ள எல்லாம் ஒண்ணுதானே?"

நல்ல கேள்வி. டாக்ஸிசைக்ளின் டெட்ராசைக்ளின் குடும்பம். வெங்கியின் ஆய்வகமும் யோனத்தின் ஆய்வகமும் எடுத்த படங்களில் டெட்ராசைக்ளின் எங்கே உட்காருகிறது என்பது தெரிகிறது: 30எஸ்ஸில், பையன் பூவோடு வந்து நிற்க வேண்டிய இடத்தில். அவன் நுழைய முடியாது. சரம் அறுந்தது, கிருமி வளராது. நம் செல்லின் ரைபோசோம் பருமனிலும் அமைப்பிலும் கொஞ்சம் வேறு, 40எஸ்ஸும் 60எஸ்ஸும். அங்கே மருந்து அவ்வளவு லேசில் ஒட்டாது. பழைய நாளில் காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் இதே சின்னத் துண்டைத்தான் தாக்குகிறது, வேறு இடத்தில். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விழுங்கிய அசித்ரோமைசின் பெரிய துண்டில், சரம் வெளியே வரும் குகைவாயை அடைக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943ல். அரை நூற்றாண்டு, இது இன்ன இடத்தில் உட்கார்ந்து இன்னது செய்கிறது என்று யாரும் கண்ணால் பார்க்காமலேயே உயிர் காத்தது.

ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. வரைபடம் கிடைத்ததும் புது மருந்து மழையாகக் கொட்டிவிடவில்லை. கிருமி அந்த இடத்தில் ஓரிரு எழுத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கிறது. எங்கே மாற்றுகிறது, ஏன் மருந்து வழுக்குகிறது என்று இப்போது படத்தில் காட்ட முடிகிறது, அவ்வளவு. இன்னொரு சிக்கல், நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு ரைபோசோம் உண்டு, அது பாக்டீரியாவின் தூரத்துச் சொந்தம். சில மருந்துகளின் பக்கவிளைவு அங்கிருந்து வருகிறது. வெங்கி 60 வயதைத் தாண்டி மூன்றாம் முறையாகத் தொழில் மாற்றிக்கொண்டார். படிகத்தை விட்டுவிட்டு, உறைந்த மாதிரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கும் முறைக்கு வந்து, 2014ல் மனித மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் பெரிய துண்டை அவர் ஆய்வகம் வெளியிட்டது.

பரிசுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 அக்டோபர் 7. சைக்கிள் பஞ்சர். கேம்பிரிட்ஜில் சைக்கிளில் போய்வருகிறவர் அன்றைக்கு நடந்து, தாமதமாக, எரிச்சலோடு ஆய்வகத்துக்கு வந்தார். போன் மணி. நோபல் பரிசு என்றதும் நண்பர்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, எதிர்முனையில் பேசியவரின் ஸ்வீடன் உச்சரிப்பு பிரமாதம் என்று பாராட்டினார். பரிசு மூன்று பேருக்கு: யோனத், ஸ்டைட்ஸ், வெங்கி. மூன்று பேருக்கு மேல் கொடுப்பதில்லை என்ற விதியால் மூரும், ரைபோசோமில் ஆர்.என்.ஏ.தான் முதலாளி என்று காலமெல்லாம் வாதாடிய ஹாரி நோலரும் வெளியே நின்றார்கள். எனக்கு நோலர் விட்டுப்போனதில்தான் மனசு ஆறவில்லை.

அப்புறம் பத்ம விபூஷண், சர் பட்டம், 2015 முதல் 2020 வரை பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி. இந்தியா வரும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவரும் இல்லை. இந்திய அறிவியல் மாநாட்டை சர்க்கஸ் என்றார், ஜோசியம் பொய் என்றார்.

ட்யூஷனில் இத்தனையும் நான் சொல்லி முடிக்க இரண்டு மாலை ஆயிற்று. பலகையில் பூச்சரமும் ரைபோசோமும் பஸ் ரூட்டும் கலந்து கிடந்தன. முன்வரிசைப் பெண் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்:

"சார், அப்ப பரீட்சைல ஊர் எதுன்னு எழுதறது?"

"சிதம்பரம்னே எழுது."